பிலடெல்பியா பாணி மகோகனி நாற்காலி: பின்புறத்திலிருந்து ஒரு மதிப்பீடு

பென்சில்வேனியாவில் உள்ள ஒரு சிறு பட்டறையில் நான் சொல்லிச் செய்வித்த மகோகனி நாற்காலி, பதினான்கு மாதக் காத்திருப்புக்குப் பிறகு சென்ற மாதம் வீடு வந்து சேர்ந்தது. 1760களின் பிலடெல்பியா நாற்காலிகளை முன்மாதிரியாகக் கொண்டு, முழுவதும் கையாலேயே செய்யப்பட்டது அது.

முதலில் அதைத் திருப்பிப் பின்புறத்தைத்தான் பார்த்தேன். இருக்கையின் பக்கச் சட்டங்களில் உள்ள கழுந்து, அதாவது துளைக்குள் பொருந்தும்படி செதுக்கிய சட்டத்தின் முனை, பின்கால்களை முழுதும் ஊடுருவி மறுபக்கத்தில் தலைகாட்டும்படி செய்வது அந்நகரத் தச்சர்களின் வழக்கம். இந்த நாற்காலியிலும் அது அப்படியே இருக்கிறது. துளைக்கும் கழுந்துக்கும் இடையே ஒரு காகிதத்தைக்கூட நுழைக்க முடியவில்லை. திருகாணி எங்கும் இல்லை. மூட்டுகளில், விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய நிறைவு. வெப்பமும் ஈரமும் பட்டால் அது இளகிவிடும் என்பதால், என்றேனும் ஒரு மூட்டு தளர்ந்தால் மரத்தைச் சிதைக்காமல் பிரித்து மீண்டும் ஒட்டலாம். பழைய நாற்காலிகள் பல தலைமுறைகளாகப் பழுதுபார்க்கப்பட்டு வந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இருக்கைக்கு அடியில் விரலை ஓட்டினால் இழைப்புளி விட்டுச்சென்ற மெல்லிய அலைகள் தட்டுப்படுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இடம் என்று அதைத் தேய்த்து மழுப்பாமல் விட்டது சரியான முடிவு.

கால்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தப் பாணிக்கு லண்டன் மரச்சாமான் கலைஞர் தாமஸ் சிப்பண்டேலின் பெயர் நிலைத்துவிட்டாலும், 1754இல் அவர் லண்டனில் வெளியிட்ட வடிவத் தொகுப்பில், பறவையின் நகங்கள் ஓர் உருண்டையைப் பிடித்திருப்பது போன்ற நகக்கால் இடம்பெறவில்லை. லண்டனில் மவுசு குறைந்த பிறகும் அமெரிக்கத் தச்சர்கள் அதைக் கைவிடவில்லை. பிலடெல்பியாவில் செய்தவற்றுக்கே உரிய, மேலிருந்து சற்று அமுங்கிய உருண்டை இதிலும் அமைந்திருக்கிறது. விரல் கணுக்கள் புடைத்து நிற்க, பறவை உண்மையாகவே இறுகப் பற்றியிருப்பது போன்ற விசை தெரிகிறது.

அந்த விசை, முழங்கால் எனப்படும் காலின் மேல் வளைவில் உள்ள இலைச் செதுக்கலில் இல்லை. அங்கே உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார்கள். உளியின் வெட்டு விளிம்பில்தான் ஒளியும் நிழலும் பிரிகின்றன. அது மழுங்கியதால் இலை நரம்புகள் ஒன்றோடொன்று கரைந்து, மெழுகில் வார்த்தது போலத் தோன்றுகின்றன. வாடிக்கையாளர்கள் வழவழப்பை விரும்புகிறார்கள் என்று பட்டறையினர் விளக்கம் தந்தனர். இவ்வளவு தேர்ந்த கைகளுக்கு அந்தச் சமரசம் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இணையாக இன்னொரு நாற்காலிக்கும் முன்பணம் கொடுத்துவிட்டேன். அதன் முழங்கால்களில் உப்புத்தாள் படக்கூடாது என்பதை எழுத்திலேயே கேட்டு வாங்கியிருக்கிறேன்.