செல்லுக்குள் சொந்த ஃபங்ஷன்: எனக்குப் பிடிக்கும், உங்களுக்கு வேண்டாம்

"கூகுள் ஷீட்ஸிலேயே பெயரிட்ட ஃபங்ஷன் வசதி வந்துவிட்டதே, இன்னும் எதற்கு ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டோடு மல்லுக்கட்டுகிறீர்கள்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்பது, ஷீட்ஸின் செல்லில் பயன்படுத்த நாமே நிரல் எழுதி ஃபங்ஷன் செய்துகொள்ளும் வழி; பெயரிட்ட ஃபங்ஷன் என்றால், நிரல் இல்லாமல் சாதாரண ஃபார்முலாவுக்கே ஒரு பெயர் வைத்துப் பயன்படுத்துவது. இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், புலம்பல் நீண்டுவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 'தமிழ்' என்று ஒரு செல்லில் அடித்து, லென் ஃபங்ஷனிடம் நீளம் கேட்டால் 5 என்கிறது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் 'மி'யின் கொக்கிக்கும் 'ழ்'மேல் இருக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் குறியெண் உண்டு. லென் அவற்றையும் சேர்த்து எண்ணிவிடுகிறது. நமக்கு வேண்டியது 3. ஸ்கிரிப்ட்டில், சார்ந்து வரும் குறிகளையெல்லாம் நீக்கிவிட்டு மிச்சத்தை எண்ணு என்று ஒரே வரி எழுதினால் போதும். 'க்ஷ'வை ஓர் எழுத்தாக எண்ண வேண்டுமென்றால் இன்னொரு வரி. ஃபங்ஷனுக்கு மேலே குறிப்புரையில் இரண்டு வாக்கியம் எழுதி அதற்குரிய குறிச்சொல்லையும் போட்டு வைத்தால், செல்லில் சமக்குறி போட்டுப் பெயரைத் தொடங்கியதுமே, சம், ஆவரேஜுக்கு வருவது போலவே நம்முடையதற்கும் உதவிக்குறிப்பு எட்டிப் பார்க்கும். இந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் பழகிப்போகவில்லை.

வேகத்தைப் பற்றிப் பலரும் குறை சொல்கிறார்கள். அதில் பாதி நம் கையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு செல்லிலும் ஃபங்ஷனை இழுத்துவிட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும், நெடுவரிசை முழுக்க 'லோடிங்' என்று நிற்கும். அதற்குப் பதில் மொத்த ரேஞ்சையும், அதாவது அந்தச் செல்கள் எல்லாவற்றையும், ஒரே அழைப்பில் அனுப்பலாம். அது வரிசைகளின் அடுக்காக உள்ளே வரும், அதே வடிவில் திருப்பிக் கொடுத்தால் கீழே தானாக நிரம்பும். வழியில் ஏதாவது ஒரு செல்லில் எதையாவது எழுதி வைத்திருந்தால் மட்டும், நிரப்ப இடமில்லை என்று ரெஃப் (#REF!) பிழை வரும். சாதாரண ஸ்கிரிப்ட் ஓடி முடிக்க 6 நிமிடம் தரும் கூகுள், செல்லுக்குள் ஓடுவதற்கு 30 விநாடிதான் தருகிறது. சரி, ஷீட்டைத் திறந்தவர் அதற்கு மேல் காத்திருக்கவும் மாட்டார்.

என் கோபம் வேறு. இந்த ஃபங்ஷன்கள் பழைய விடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகின்றன.

மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு கிரேடு தரும் ஃபங்ஷன் ஒன்று இருப்பதாக வையுங்கள். எந்த கிரேடுக்கு எவ்வளவு என்ற எல்லைகள் இன்னொரு ஷீட்டில் இருக்கின்றன, ஃபங்ஷனின் நிரல் அங்கே போய்ப் படித்துக்கொள்கிறது. 'ஏ' கிரேடின் எல்லையை 90லிருந்து 85ஆகக் குறைக்கிறீர்கள். 87 வாங்கியவருக்கு எதிரே அதே பழைய 'பி'. பிழைச் செய்தியும் இல்லை, சிவப்பு முக்கோணமும் இல்லை. உள்ளே கொடுத்த மதிப்பு மாறினால்தான் மறுபடி கணக்கிடும் என்பது விதி. மதிப்பெண் மாறவில்லை, ஆகவே அதன் பார்வையில் எதுவுமே நடக்கவில்லை. தவறான விடையை விட, சரியானது போலத் தெரியும் பழைய விடை ஆபத்தானது. பிழை என்றால் கண்ணில் படும், இது படாது.

நியாயமாகப் பார்த்தால் இதற்கு ஒழுங்கான தீர்வு இருக்கிறது. எல்லைகள் உள்ள ரேஞ்சையும் ஃபங்ஷனுக்குள் கொடுத்துவிட வேண்டும். நிரலும் தெளிவாகும், எதை நம்பி விடை வருகிறது என்பதும் ஃபார்முலாவிலேயே தெரியும். இதை நான் மனதாரப் பாராட்டுவேன்.

ஆனால் தரவு இணையத்திலிருந்து வருகிறது என்றால்? கொடுப்பதற்கு ரேஞ்ச் எங்கே இருக்கிறது? இப்போதைய நேரத்தைச் சொல்லும் நவ் ஃபங்ஷனை உள்ளே நுழைத்து ஏமாற்றலாம் என்றால் அதற்கும் தடை. நவ், தற்செயல் எண் தரும் ராண்ட் போல நொடிக்கொரு விடை சொல்பவற்றை இதற்குள் அனுப்பக் கூடாதாம். கடைசியில் ஒரு மூலையில் டிக் பெட்டி வைத்து, அதைச் சும்மாவேனும் ஃபங்ஷனுக்குக் கொடுத்து, புதுப்பிக்க வேண்டிய போதெல்லாம் தட்டிவிட வேண்டியிருக்கிறது. எக்செலில் அதன் நிரல் மொழியான விபிஏவில் ஃபங்ஷன் எழுதுபவர்கள் 'வோலடைல்' என்று ஒரு வரி சேர்த்தால், ஷீட் கணக்கிடும்போதெல்லாம் ஃபங்ஷனும் கூடவே ஓடும். அங்கே அப்படி நிரல் அடங்கிய மேக்ரோ கோப்பை இன்னொருவருக்கு அனுப்பித் திறக்க வைப்பது தனிப் பாடு என்பதையும் சொல்ல வேண்டும்தான். இருந்தாலும் அந்த ஒரு வரியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ஷீட்ஸில் 2022 ஆகஸ்டில் வந்த பெயரிட்ட ஃபங்ஷனும், ஃபார்முலாவுக்குள்ளேயே சொந்த ஃபங்ஷன் எழுத உதவும் லேம்டாவும் இந்த வம்பே இல்லாதவை. உள்ளே இருப்பது சாதாரண ஃபார்முலா என்பதால், அது நம்பியிருக்கும் எந்த செல் மாறினாலும் உடனே கணக்கிடும். மேலே சொன்ன தமிழ் எழுத்து எண்ணிக்கையைக்கூட குறிப்பிட்ட வகை எழுத்துகளைத் தேடி மாற்றும் ரெஜெக்ஸ்ரீப்ளேஸ் ஃபங்ஷனை வைத்து அதிலேயே முடித்துவிடலாம். புதிதாகத் தொடங்குபவர் அதையே கற்றுக்கொள்ளட்டும், ஸ்கிரிப்ட் பக்கம் வரவே வேண்டாம். ஸ்கிரிப்ட் ஃபங்ஷனை முதலில் இவ்வளவு புகழ்ந்த பிறகும், அதற்கு என்னிடம் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் தருவேன், இன்றைக்கு அந்த மனநிலையில்தான் இருக்கிறேன். ஆனால் என் ஷீட்களில் ஏற்கெனவே ஸ்கிரிப்ட்டில் எழுதி வைத்திருப்பவற்றை மட்டும் மாற்றப்போவதில்லை.