வால்பாறையின் யானை எச்சரிக்கைச் சேவை: சுற்றுலாப் பயணியின் பார்வையில் ஒரு மதிப்புரை

வால்பாறைக்குப் போய்வருபவர்கள் தங்கிய அறையைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் மதிப்புரை எழுதுகிறார்கள். அந்த மலையில் அவர்களைப் பத்திரமாக நடமாட வைக்கும் சேவைக்கு யாரும் நட்சத்திரம் போடுவதில்லை. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு நிறுவனம் தொடங்கி, வனத்துறை, தேயிலைத் தோட்ட நிர்வாகங்கள், உள்ளூர் மக்கள் ஆகியோரின் ஒத்துழைப்போடு நடந்துவரும் யானை முன்னெச்சரிக்கை ஏற்பாட்டைத்தான் சொல்கிறேன். இதற்குக் கட்டணம் கிடையாது. விடுதிகளின் விளம்பரங்களிலும் இதன் பெயர் தென்படுவதில்லை.

இந்த ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஊரின் அமைப்பே விடை. வால்பாறைப் பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. ஏறத்தாழ 70,000 பேர் வாழ்கிறார்கள். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளத்தின் பரம்பிக்குளம், வாழச்சால் காடுகளும் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிச் சோலைக்காடுகள் அழிக்கப்பட்டுத் தேயிலை வைக்கப்பட்டபோது, தோட்டங்களுக்கு நடுவே சில காட்டுத் துண்டுகளும் நடு ஆறு, சோலையாறு ஆகியவற்றின் கரையோரப் பசுமையும் மட்டுமே மிஞ்சின. யானைகள் பகலில் அந்தத் துண்டுகளில் ஒதுங்கி நின்றுவிட்டு, இருட்டியதும் தேயிலைச் சரிவுகளைக் கடந்து அடுத்த காட்டுக்குப் போகின்றன. போகிற வழியில் அரிசிக்கும் பருப்புக்கும் ரேஷன் கடைகளையும் சத்துணவுக் கூடங்களையும் உடைப்பதுண்டு. பேருந்திலிருந்து இறங்கி, தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டுக்கு நடந்து போகிறவர், வளைவுக்கு அப்பால் யானை நிற்பது தெரியாமல் அதன் முன்னால் போய் நின்றுவிடுவதே பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் என்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். யானையை விரட்டுவதில் இறங்காமல், அது எங்கே நிற்கிறது என்பதை மனிதருக்குச் சொல்லிவிடலாம் என்ற யோசனை அங்கிருந்துதான் பிறந்தது. இப்பணிக்காக அந்நிறுவனத்தின் ஆய்வாளர் ஆனந்தகுமாருக்கு, இயற்கைப் பாதுகாப்புப் பணிகளுக்காகப் பிரிட்டனில் வழங்கப்படும் விட்லி விருது 2015ஆம் ஆண்டில் கிடைத்தது.

சேவை மூன்று வழிகளில் மக்களை எட்டும்படி அமைக்கப்பட்டது. களப்பணியாளர்கள் பகலெல்லாம் யானைக் கூட்டங்களின் இருப்பிடத்தைக் கண்டறிவார்கள்; மாலையில் அந்த விவரம் உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் எழுத்தோட்டமாக ஓடும். யானை நிற்கும் இடத்தைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களில் எண்ணைப் பதிந்திருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தியோ குரல் அழைப்போ போகும். மூன்றாவது வழிதான் என்னை மிகவும் கவர்ந்தது. பேருந்து நிறுத்தங்கள், தோட்டச் சந்திப்புகள் என 20க்கும் மேற்பட்ட இடங்களில் உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்குகள் பொருத்தப்பட்டன. ஒவ்வொரு விளக்கிலும் ஒரு சிம் அட்டை உண்டு. அனுமதி பெற்ற உள்ளூர்க்காரர் தம் கைப்பேசியிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் விளக்கு மின்னத் தொடங்கும். அது மின்னினால் அருகில் யானை இருக்கிறது என்று பொருள். ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் தெரியும். தேயிலை பறிப்பதற்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்திருக்கும் தொழிலாளர்கள் இன்று இத்தோட்டங்களில் நிறைய இருக்கிறார்கள். தமிழ்க் குறுஞ்செய்தியைப் படிக்கத் தெரியாதவருக்கும் சிவப்பு விளக்கு புரியும். எளிமையான கருவியைச் சரியான இடத்தில் வைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் எந்தச் சுற்றுலாத் தலத்திலும் பார்த்ததில்லை.

குறை என்னவென்றால், இது ஊர்க்காரர்களுக்காக வடிவமைக்கப்பட்டது. இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறவரின் எண் அந்தப் பட்டியலில் இருக்காது. அவருக்கு எச்சரிக்கை கிடைப்பதும் கிடைக்காததும் முழுக்க முழுக்கத் தங்கும் இடத்தின் பொறுப்பாளரைப் பொறுத்தது. நாங்கள் தங்கிய பழைய தோட்ட பங்களாவின் காவலாளி, செய்தி வந்ததும் ஒவ்வொரு அறைக்கும் வந்து, "சார், ஆத்தோரம் கூட்டமா நிக்குது, குட்டியும் கூட இருக்கு, இனிமே வெளிய இறங்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரவுச் சாப்பாடும் தனியாக இருக்கும் உணவுக்கூடத்தில் பரிமாறப்படாமல் அறைக்கே வந்துவிட்டது. சாப்பாட்டு மிச்சத்தை வெளியே கொட்டவும் அவர் விடவில்லை. ருசியில் அந்தச் சாப்பாடு சுமார்தான். ஆனால் அந்த ஊருக்கு மறுபடியும் போனால் அங்கேதான் தங்குவேன்.

இன்னொரு முறை வேறொரு விடுதியில் தங்கியபோது நேர்மாறான அனுபவம் கிடைத்தது. வரவேற்பறையில் இருந்தவருக்கு எச்சரிக்கைச் செய்தி வந்திருந்தது. அதை அவர் விருந்தினரிடம் எச்சரிக்கையாகச் சொல்லாமல் காட்சிக்கான அழைப்பாகச் சொன்னார். கூடுதல் கட்டணம் கொடுத்தால் ஜீப்பில் கூட்டிப்போய்க் காட்டுவதாகப் பேரம் நடந்தது. ஒரு கூட்டம் எங்கே நிற்கிறது என்பது தெரிந்தால் அங்கே போகாமலிருக்கலாம், அங்கேயே போகவும் செய்யலாம். மக்களைக் காப்பதற்காகச் சேகரித்த தகவல் கடைசிக் கையில் இப்படித் திரும்பிவிடுகிறது. வன விலங்கைத் தேடிப்போய்ச் சீண்டுவது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம் என்பது அந்த ஜீப்பில் ஏறியவர்களுக்குத் தெரிந்திருந்ததாகத் தோன்றவில்லை.

சாலையில் இந்தச் சேவையின் பயன் இன்னும் குறைவு. ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் வண்டிக்கு யாரும் குறுஞ்செய்தி அனுப்புவதில்லை. அங்கே கண்ணும் நிதானமும்தான் துணை. 2025 பிப்ரவரியில் பொள்ளாச்சி–வால்பாறை சாலையின் டைகர் வேலி (Tiger Valley) பகுதியில் யானை நின்றபோது, இருபுறமும் வண்டிகள் காத்திருக்க, மோட்டார் சைக்கிளில் கடந்துபோக முயன்ற முதிய ஜெர்மானியப் பயணி ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். எச்சரிக்கை அங்கே இல்லாமலில்லை. நின்றிருந்த வண்டிகளே எச்சரிக்கை. வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாகச் சாலக்குடிக்கு இறங்கும் காட்டுச் சாலையில் இதற்கு எதிரான நிகழ்ச்சியும் உண்டு. கபாலி என்று பெயரிடப்பட்ட கொம்பன் (தந்தமுள்ள ஆண் யானை) 2022 நவம்பரில் வழிமறித்து முன்னேறி வந்தபோது, தனியார் பேருந்து ஓட்டுநர் ஒருவர் ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர் தூரத்துக்குப் பின்னோக்கியே பேருந்தை ஓட்டிப் பயணிகளைக் காத்தார். வளைந்து நெளியும் அந்தச் சாலையைப் பார்த்தவர்களுக்கு அது எத்தகைய வேலை என்பது விளங்கும். நம்மைப் போன்றவர்கள் செய்யக்கூடியது அவ்வளவு கடினமன்று: தொலைவிலேயே நிற்பது, ஒலிப்பானை அழுத்தாமலிருப்பது, யானை நகர்ந்து வந்தால் மெதுவாகப் பின்வாங்குவது, எக்காரணம் கொண்டும் வண்டியை விட்டு இறங்காமலிருப்பது.

பெயருக்கேற்ப இது யானைக்கான சேவை மட்டுமே என்பதையும் மறக்கக் கூடாது. சிவப்பு விளக்கு அணைந்திருக்கிறது என்பதற்காக இரவு உணவுக்குப் பின் தேயிலைப் பாதையில் உலாவப் புறப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சிறுத்தைக்கும் கரடிக்கும் காட்டுமாட்டுக்கும் விளக்கு கிடையாது. தேயிலைச் செடிகளின் மறைவில் படுத்திருக்கும் கரடி, பறிக்க வரும் பெண்களை மிக அருகில் தாக்கிய சம்பவங்கள் இங்கே நடந்திருக்கின்றன. 2025 ஜூனில் ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பத்தின் நான்கு வயதுக் குழந்தையைச் சிறுத்தை தூக்கிச் சென்று கொன்றது. குழந்தைகளோடு வருகிறவர்கள், மாலை வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் அவர்களை முற்றத்தில் தனியாக விளையாட விடலாகாது. புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்குகள் ஆபத்தானவை அல்ல. ஆனால் அவற்றுக்குச் சிப்ஸ் நீட்டுகிறவர்கள் அவற்றைச் சாலைக்கு இறக்கி, வண்டிச் சக்கரங்களுக்குக் கீழே தள்ளுகிறார்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கான சேவை என்ற முறையில் இதற்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். சுற்றுலாப் பயணிக்கான சேவை என்ற முறையில் மூன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை, அந்த இரண்டு மதிப்பெண் குறைவும் நடத்துபவர்களின் பிழையால் அன்று. விடுதி உரிமம் வழங்கும்போதே, எச்சரிக்கைச் செய்தியை ஒவ்வொரு விருந்தினருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தால் பாதிக் குறை தீர்ந்துவிடும். அதுவரை, அறை பதிவு செய்யத் தொலைபேசியில் பேசும்போது வெந்நீர் வருமா என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: யானைச் செய்தி உங்கள் எண்ணுக்கு வருகிறதா, வந்தால் எங்களிடம் எப்படிச் சொல்வீர்கள்? நவம்பர் முதல் பிப்ரவரி வரை யானை நடமாட்டம் மிகுந்திருக்கும் என்பதால் அம்மாதங்களில் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். பதில் இழுபறியாக வந்தால் வேறு இடம் பாருங்கள். வால்பாறையில் அறைகளுக்குப் பஞ்சமில்லை.