பக்கவாதத்துக்குப் பிந்தைய இறுக்கம்: மாத்திரையா, ஊசியா, ஃபீனாலா?

முக்கூடலில் ஒரு வீட்டுக்கு வாரம் மூன்று நாள் பிசியோ செய்யப் போகிறேன். பீடி சுற்றியே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றிய சித்தி அவர். வாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. வலது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிவிட்டது. பெருவிரல் உள்ளே கிடக்க, மற்ற நாலு விரலும் அதன்மேல் பூட்டுப் போட்ட மாதிரி இறுகியிருந்தன. முதல் நாள் அவர் மகள் நகவெட்டியோடு நின்றாள். “அண்ணே, மத்ததெல்லாம் அப்புறம் பாப்போம். இந்த நெகத்த மட்டும் வெட்டித் தாங்க. உள்ளங்கையில குத்தி நாத்தம் வருது.”

அந்தக் கையை விரல் நுனியில் பிடித்து இழுத்தால் இன்னும் இறுகும். மணிக்கட்டை உள்பக்கமாக நன்றாக மடக்கிக்கொண்டு, பெருவிரலை அதன் அடியில் பிடித்து மெல்ல வெளியே எடுக்க வேண்டும். மற்ற விரல்கள் பிறகு தாமாக நெகிழும். உள்ளே தோல் தண்ணீரில் ஊறியது போல வெளுத்திருந்தது. நாலு நகமும் பிறை பிறையாகத் தடம் பதித்திருந்தன.

வேகமாக இழுத்தால் எதிர்க்கும், மெதுவாகப் போனால் விட்டுக்கொடுக்கும் என்பதுதான் இந்த இறுக்கத்தின் அடையாளம். 1980-இல் நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸ் எழுதிய வரையறையே இதுதான்: தசை நீட்டப்படும் வேகத்துக்கு ஏற்ப இறுக்கம் கூடும். தண்டுவடத்தின் அனிச்சைச் செயலை மூளை எப்போதும் அடக்கி வைத்திருக்கிறது. பக்கவாதத்தில் அந்தக் கடிவாளம் அறுந்துபோகிறது. மெதுவாக இழுத்தும் கொஞ்சமும் அசையாத மூட்டு வேறு கதை. அங்கே தசையே சுருங்கிக் குட்டையாகிவிட்டது, அதற்கு எந்த மருந்தும் பேசாது. மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

“எது நல்லது, மாத்திரையா ஊசியா?” என்று எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். எதற்காக என்று நான் திருப்பிக் கேட்பேன். கல்லிடைக்குறிச்சியில் ஒரு தாத்தா இருக்கிறார். இடது கால் கட்டை போல விறைத்திருக்கும். அதையே ஊன்றி, கம்பைப் பிடித்து, தெருமுனை டீக்கடை வரை போய் வருகிறார். “கால் இப்படி வெறச்சிருக்கே, இளக்கி விடுங்க” என்று மகன் ஒற்றைக்காலில் நிற்கிறார். அவருக்குத் தொடையில் பலம் இல்லை. அந்த விறைப்புதான் அவரைத் தாங்குகிறது. அதை எடுத்துவிட்டால் தாத்தா கீழே விழுவார், இடுப்பெலும்பு உடையும். எல்லா இறுக்கமும் பகையல்ல என்பதை அந்த வீட்டில் புரியவைக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

நான் மருந்து எழுதுகிறவன் இல்லை. ஆனால் மருந்து எழுதிய பிறகு அந்தக் கையோடும் காலோடும் மாதக்கணக்கில் உட்காருகிறவன். அங்கிருந்து பார்த்ததையும் ஆய்வுகளில் படித்ததையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

மாத்திரையில் இங்கே அதிகம் புழங்குவது பேக்லோஃபெனும் டிசானிடினும். விலை குறைவு, எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும், ஊசிக்குப் பயப்படுகிறவர்களும் விழுங்கிவிடுவார்கள். கையும் காலும் சேர்ந்து இறுகி, படுக்கையில் திருப்பிப் போடவே முடியாத நிலை என்றால் மாத்திரைக்கு நியாயம் உண்டு. ஆனால் அது இறுகிய கைக்கு மட்டும் போவதில்லை, நல்ல கைக்கும் மூளைக்கும் சேர்த்தே போகிறது. தூக்கம் சொக்கும், நல்ல பக்கமும் தளரும். காலையில் பயிற்சிக்கு நான் போகும்போது கண்ணைத் திறக்க முடியாமல் கிடப்பவரிடம் என்ன பயிற்சி செய்வது?

இதில் மூன்று விஷயங்களை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டச் சொல்வேன். பேக்லோஃபென் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது, சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சிறிய அளவே விஷமாகலாம். நாள்பட்டு எடுத்த பேக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். டிசானிடின் எடுப்பவருக்குச் சிறுநீர்த் தொற்றுக்கென்று சிப்ரோஃப்ளாக்சசின் கொடுக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்தஅழுத்தம் மளமளவென்று இறங்கும். நான் பார்த்துவந்த ஒருவருக்கு மாத்திரை தீர்ந்தது, கடையில் இருப்பு இல்லை, “ரெண்டு நாள் போடலைன்னா ஒண்ணும் ஆகாது” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் அதிகாலை வலிப்பு வந்தது. அந்த வீட்டிலிருந்து வந்த போனை நான் இன்னும் மறக்கவில்லை.

ஊசி என்பது போட்டுலினம் நச்சு, போடாக்ஸ் என்ற பெயரில் பலருக்கும் தெரியும். நரம்பு முனையிலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் அசிட்டைல்கோலினை வெளியே விடாமல் தடுக்கிறது. போட்ட தசை மட்டும் தளர்வதுதான் இதன் பெரிய பலம். ஓரிரு வாரத்தில் பலன் தெரிய ஆரம்பித்து, நாலு முதல் ஆறு வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று மாதத்தையொட்டி வடியும். அடுத்த ஊசிக்கும் அவ்வளவு இடைவெளி வேண்டும், இல்லையென்றால் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கி மருந்தே பலிக்காமல் போகலாம்.

2002-இல் வெளியான ஆய்வு ஒன்று, மணிக்கட்டும் விரல்களும் இறுகிப்போன 126 பேருக்கு இந்த ஊசியையும் வெறும் திரவத்தையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தது. ஊசி போட்டவர்களுக்கு இறுக்கம் தெளிவாகக் குறைந்தது. கையைச் சுத்தம் செய்வது, சட்டை மாட்டுவது, வலி, கை கிடக்கும் கோலம் என்று அவர்களே முக்கியம் என்று சொன்ன ஒன்றிலும் முன்னேற்றம் இருந்தது. 2011-இல் பிரிட்டனிலிருந்து 333 பேரை வைத்து வந்த பெரிய ஆய்வு அடுத்த கேள்வியைக் கேட்டது: இந்தக் கை இப்போது பொருளை எடுக்குமா, பிடிக்குமா? பயிற்சியோடு ஊசியும் சேர்த்தவர்களுக்கு அந்தத் திறன் ஒரு மாதத்தில் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி கூடவில்லை. தசை தளர்ந்தது, ஆடை மாட்டுவது போன்ற எளிய காரியங்கள் இலகுவாயின, அவ்வளவுதான். இந்த இரண்டு ஆய்வும் முரண்படவில்லை. கை விரிவது வேறு, கை வேலை செய்வது வேறு. ஊசி பூட்டைத் திறக்கும், உள்ளே பலம் இருக்கிறதா என்பது மூளையில் எவ்வளவு பிழைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

குப்பி ஒன்றே பல ஆயிரம் ரூபாய். பெரிய இறுக்கமுள்ள கைக்கு ஒன்று போதாமலும் போகலாம். அந்தப் பணத்தைக் கொட்டிவிட்டு, போட்ட பிறகு பயிற்சி இல்லாமல் மூன்று மாதத்தைக் கழிப்பதைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

ஃபீனாலைப் பற்றி இங்கே பேசுவாரே இல்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. இந்த ரசாயனத்தை நரம்பின் மேலேயே ஊசியால் விட்டு, நரம்பைச் செயலிழக்க வைக்கும் பழைய முறை. மருந்தின் விலை சொற்பம். பலன் பல மாதம் நிற்கும். குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடப்பவர்களுக்குக் கெண்டைக்காலுக்குப் போகும் நரம்பில் போடலாம். 1998-இல் இப்படிப்பட்ட 20 பேரிடம் ஃபீனாலையும் போட்டுலினத்தையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். இரண்டாம், நாலாம் வாரங்களில் போட்டுலினம் முந்தியது, எட்டாம் வாரத்துக்குமேல் பெரிய வித்தியாசம் இல்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் கையில் காசில்லாத வீட்டுக்கு இது தெரியவேண்டிய செய்தி. குறையும் உண்டு. உணர்வு நரம்பும் கலந்திருக்கும் இடத்தில் பட்டால் வாரக்கணக்கில் எரிச்சல் வலி வரலாம். மின்தூண்டல் கருவியால் நரம்பைத் துல்லியமாகத் தேடிப் போடும் கைத்தேர்ச்சி வேண்டும். கையைவிடக் காலுக்கு நான் இதைக் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போகிறவர்கள், “ஃபீனால் போட முடியுமா, எங்கே போடுவார்கள்?” என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

முதுகுத்தண்டின் திரவத்துக்குள் பேக்லோஃபெனைச் செலுத்தும் பம்பும் உண்டு. 2018-இல் 60 பேரை வைத்து நடந்த ஆய்வில் கால் இறுக்கத்தை மாத்திரைகளைவிட நன்றாகவே குறைத்தது. வயிற்றுத் தோலுக்கு அடியில் கருவி, அறுவை, அவ்வப்போது மருந்து நிரப்புதல். எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது எட்டாக்கனி.

இனி என் பக்கத்துக்கு வருகிறேன். நரம்பு பாதித்தவர்களுக்குத் தசையை இழுத்துப் பிடிப்பதும் பட்டை கட்டி வைப்பதும் மூட்டு மடங்காமல் காக்கும் என்றுதான் நாங்கள் படித்தோம். 2017-இல் காக்ரேன் அமைப்பு ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்ததில், சில மாதங்கள் அப்படிச் செய்வதால் மூட்டு அசைவில் சொல்லும்படியான பலன் இல்லை என்று வந்தது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது இழுத்துவிடுவதற்குக் கால்மணி நேரத்துக்குமேல் செலவிடுவதில்லை. மிச்ச நேரம் முழுதும் தம்ளரைத் தள்ளுவது, துண்டை மடிப்பது, கதவுத் தாழைத் தொடுவது என்று காரியம்தான். நல்ல கையைக் கட்டிவைத்து வாதக் கையையே பழக்கும் முறைக்கு 2006-இல் 222 பேரிடம் நடந்த ஆய்வு நல்ல ஆதாரம் தந்தது. ஆனால் மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது தாமாக நிமிர்கிறவர்களுக்குத்தான் அது பொருந்தும். சித்தியின் கை அந்தக் கட்டத்தில் இல்லை.

பிசையப் பந்து வாங்கிக் கொடுக்காதீர்கள். இறுகும் கைக்கு மேலும் இறுக்கவே பழக்குகிறது. புறா ரத்தம் தேய்ப்பதால் அந்தப் புறா சாவதைத் தவிர வேறொன்றும் நடப்பதில்லை. எண்ணெய் தடவினால் தோலுக்கு இதம், தடவட்டும். தோளைப் பிடித்து முறுக்கி இழுக்க மட்டும் விடாதீர்கள், தளர்ந்த தோள்மூட்டு நழுவும். இறுக்கம் ஒரே வாரத்தில் திடீரென்று கூடினால் மருந்தைக் கூட்டச் சொல்லும் முன் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, படுக்கைப் புண், உள்ளே வளரும் கால் நகம் இவற்றைத் தேடுங்கள். உடம்பில் எங்கே வலித்தாலும் இறுக்கமாகத்தான் வெளியே வரும்.

மகள்களுக்கும் மருமகள்களுக்கும் ஒன்று. “நான் சரியா செய்யலையோண்ணே, அதான் இப்பிடி ஆயிட்டோ” என்று எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள். 2017-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு நம் நாட்டில் நடந்தது. 14 மருத்துவமனைகள், 1250 நோயாளிகள். பாதிப்பேர் வீட்டில் ஒருவருக்கு மறுவாழ்வுப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறர் உதவியில் இருந்தவர்களும் இரு பக்கமும் ஒரே அளவு, 47 விழுக்காடு. வீட்டார் கவனிப்பு வீண் என்று நான் இதைப் படிக்கவில்லை. பயிற்சி பெற்ற குடும்பங்களாலேயே தனியாகத் தூக்க முடியாத பாரம் இது, உங்கள் கைக்குறை இல்லை என்றுதான் படிக்கிறேன். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

முக்கூடல் வீட்டில் மருத்துவர், மகள், நான் மூவரும் கூடிப் பேசினோம். மாத்திரை வேண்டாம், விரல்களை மடக்கும் தசைகளுக்கு மட்டும் ஊசி, குறிக்கோள் நகம் வெட்டுவதும் உள்ளங்கையைக் கழுவுவதும். கல்லிடைக்குறிச்சி தாத்தாவின் தொடையை யாரும் தொடவில்லை. ஊசி போட்ட மூன்றாவது வாரம் போனபோது மகள் அம்மாவின் கையை மடியில் விரித்து வைத்து, ஒவ்வொரு நகமாக வெட்டிக்கொண்டிருந்தாள். சித்தி என்னைப் பார்த்துக் கேட்டார்: “தம்பி, பீடி சுத்த முடியுமா?”

முடியாது சித்தி என்றேன். பீடி சுற்றும் சொளவை (முறத்தை) மடியில் வைத்து, அதன் விளிம்பில் அந்தக் கையை விரித்து ஊன்றிக் காட்டினேன். சொளவு நகரவில்லை. இடது கையால் ஒரு இலையை எடுத்தார்.