எனோஜன் சோளம்: கலக்க வேண்டிய எடத்துல கலந்தா சூப்பர்

சாப்பிடறதுக்கு சோளம் தேடி வந்தவங்க அப்படியே திரும்பிடுங்க, இது எரிபொருள் எத்தனால் காய்ச்சறதுக்குன்னே ஜீன் மாத்தின மக்காச்சோள ரகம். சின்ஜென்டாங்கற விதைக் கம்பெனியோடது, அமெரிக்க விவசாயத்துறை 2011 பிப்ரவரில பச்சைக்கொடி காட்டிச்சு.

கைல அள்ளிப் பாத்தா சாதா மஞ்சள் சோளம்தான், ஒரு வித்தியாசமும் தெரியாது. சமாச்சாரம் உள்ள இருக்கு. எத்தனால் பிளாண்ட்ல சோளத்த அரைச்சு தண்ணி ஊத்தி சூடு பண்ணுவாங்க, சூடு ஏற ஏற மாவுச்சத்து உப்பி களி மாதிரி இறுகிடும், பம்பே தள்ளாது, அதனால ஆல்ஃபா அமைலேஸ்னு ஒரு என்சைம தனியா வாங்கி ஊத்தணும், அது ஸ்டார்ச்ச துண்டு துண்டா நறுக்கி களிய கஞ்சித்தண்ணி ஆக்கிடும். எனோஜன்ல அந்த என்சைம் மணிக்குள்ளயே ஊறிக் கெடக்கு. கொதிக்கற ஊத்துல வாழ்ற நுண்ணுயிர்கள்ட்ட இருந்து வந்த ஜீன், அதான் 85 டிகிரிலயும் அசர மாட்டேங்குது. லோடு முழுக்க இதுவா இருக்கணும்னு கூட இல்ல, சாதா சோளத்தோட ஒரு பங்கு சேத்தாலே போதும்.

ஆனா எல்லாமே சோளத்துக்குள்ள இருக்குன்னு நெனச்சிடாதீங்க. சர்க்கரையாக்கற அடுத்த என்சைமும் ஈஸ்ட்டும் வழக்கம்போல வாங்கித்தான் ஆகணும். தட்டைல இருந்தும் எத்தனால் எடுக்கலாம், ஆனா அத இது தொடவே தொடாது, அங்க வில்லன் லிக்னின், அதாவது தண்ட வெறைப்பாக்கி உள்ள இருக்கற சர்க்கரைய வெளிய விடாத பொருள். சுவிட்ச்கிராஸ் புல்லுல ஒரே ஒரு ஜீன அடக்கி லிக்னின கொறைச்சதுலயே எத்தனால் 38 சதவீதம் வரைக்கும் கூடினதா 2011லயே ஆராய்ச்சி வந்துச்சு, எனக்கென்னமோ உண்மையான புரட்சி அந்தப் பக்கம்தான்.

பெரிய மைனஸ் என்னன்னா, களி இறுகணும்னே சோளம் அரைக்கற ஆளுங்களும் இருக்காங்களே, ஸ்நாக்ஸ், மாவு, ஸ்டார்ச்சுக்காரங்க. 10,000 மணில ஒண்ணு தப்பி வந்தாக் கூட எங்க பொழப்பு கெட்டுடும்னு மாவு மில் சங்கம் அப்பவே சத்தம் போட்டுச்சு. சோள மகரந்தம் காத்துல போறது, வரப்பப் பாத்து நிக்குமா? அதனாலதான் கான்ட்ராக்ட் போட்டு வளக்கறாங்க, புஷலுக்கு (அமெரிக்க தானிய அளவு) மார்க்கெட் ரேட்டுக்கு மேல காசும் தர்றாங்க, ஆனா சுத்தி வேற சோள வரிசை விடணும், அறுப்பு மெஷின கழுவணும், தனியா சேமிக்கணும். பிளாண்டுக்காரருக்கு அஞ்சுக்கு நாலரை ஸ்டார், விவசாயிக்கு மூணு. பக்கத்து வயல்காரர்ட்ட ஸ்டார் கேக்காதீங்க.