பழைய டெக், புது டி.வி., நடுவில் 5,350 ரூபாய்

வீட்டுப் பரணில் வீடியோ டெக் வைத்திருப்பவர்கள், அதை இறக்கிப் புது எல்.இ.டி. டி.வி.யில் மாட்டலாம் என்று நினைத்தால், மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடைப் பெயரைப் போடப்போவதில்லை. பாளையங்கோட்டையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்பா 1992-ல் துபாயிலிருந்து வரும்போது போர்வைக்குள் சுற்றிக் கொண்டுவந்த நேஷனல் டெக் அது. 1994-ல் நடந்த அக்கா கல்யாணக் கேசட்டும் பத்திரமாக இருக்கிறது. அப்பா தவறி மூன்று வருஷம் ஆகிறது. போன ஐப்பசியில் ஒரு நாள் அம்மா, "அந்தக் கேசட்ட ஒருக்கா போட்டுக் காட்டுல, உங்கப்பா சத்தத்தக் கேக்கணும்" என்றாள்.

டெக்குக்குக் கரண்ட் கொடுத்தேன். லைட் எரிந்தது, கேசட்டை உள்ளே வாங்கியது, சுற்றுகிற சத்தமும் கேட்டது. பின்னால் வீடியோவுக்கு ஒரு ஓட்டை, ஆடியோவுக்கு ஒரு ஓட்டை, ஆன்டெனா ஒயருக்கு இரண்டு. டி.வி.யிலோ மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டை எதுவுமே இல்லை. பக்கவாட்டில் எச்.டி.எம்.ஐ. மட்டும்தான் கண்ணில் பட்டது. கடைக்குப் போன் செய்தேன்.

வந்த பையன் கையோடு ஒரு ஒயர் கொண்டுவந்தான். ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ., மறுமுனையில் மூன்று கலர் பின். "டைரக்ட் கேபிள் சார், மாட்டினா போதும்." 450 ரூபாய். மாட்டினான், 'நோ சிக்னல்'. இந்த ஒயரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். டெக் தருவது அனலாக், எச்.டி.எம்.ஐ. கேட்பது டிஜிட்டல். நடுவில் மாற்றிக் கொடுக்க ஒரு சிப் வேண்டும், அதற்குக் கரண்டும் வேண்டும். வெறும் ஒயருக்குள் இரண்டும் கிடையாது. டெக்கின் படம் அதன் வழியாக எந்தக் காலத்திலும் வராது.

மறுநாள் ஓனரே வந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை டப்பா, 1,400 ரூபாய். யு.எஸ்.பி. ஒயரைச் செருகியதும் சிவப்பு லைட் எரிந்தது. படம் வரவில்லை. அப்போது அவர் சொன்னது அப்படியே: "லைட்டு எரியுது பாருங்க சார், பாக்ஸ் நல்லாருக்கு. உங்க டெக்குதான் அவுட்டு. ஹெட் போயிட்டு." ஹெட் என்பது டேப்பிலிருந்து படத்தை எடுக்கும் பாகம். கையோடு இன்னொன்றும் சொன்னார்: "ஆயிரம் ரூபா தாரேன், இத நமக்குக் கொடுத்துருங்க. கேசட்ட வேணும்னா பென் டிரைவ்ல போட்டுத் தாரேன்."

கெட்டுப்போன டெக்குக்கு எதற்கு ஆயிரம் ரூபாய் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. கடைசிவரை டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பான் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இன்று ஓடுகிற டெக் ஒன்று கையில் இருந்தால், ஊர்க் கல்யாணக் கேசட்டையெல்லாம் பென் டிரைவில் ஏற்றிச் சம்பாதிக்கலாம். அம்மா சம்மதிக்கவில்லை. "அவரு கொண்டாந்தது, வீட்ட விட்டுப் போவக்கூடாது." சரி, ஹெட்டை மாற்றித் தாருங்கள் என்று கொடுத்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து 3,200 ரூபாய் வாங்கிக்கொண்டு தந்தார்கள். கடையில் ஒரு பழைய பெட்டி டி.வி.யில் போட்டுக் காட்டினார். படம் பளிச்சென்று வந்தது. "புது ஹெட்டு. உள்ள எல்லாத்தையும் கழட்டி சுத்தமா கிளீன் பண்ணியாச்சு."

ஆட்டோவிலிருந்து இறக்கும்போது டெக் லேசாகச் சாய்ந்தது. உள்ளே 'டிங்' என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஏழு வயதில் கேசட் போடுகிற வாய் வழியாக நாலணாக் காசு ஒன்றை நான்தான் உள்ளே போட்டேன். அப்பா முதுகில் ஒன்று வைத்தார், பிறகு ஓடுகிற மட்டும் ஓடட்டும் என்று விட்டுவிட்டார். சாய்த்தால் டிங், நிமிர்த்தினால் டிங். உள்ளே எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்தவர் கண்ணில் ஒரு காசு எப்படிப் படாமல் போகும்?

மூடியின் ஆணிகளைப் பார்த்தேன். நாலிலும் பழைய துரு அப்படியே பிடித்திருந்தது, ஸ்க்ரூ டிரைவர் பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை.

வீட்டில் அந்த வெள்ளை டப்பாவோடு மாட்டினால் மறுபடியும் படம் இல்லை. போன் செய்தால், "அப்ப உங்க டி.வி.ல எச்.டி.எம்.ஐ. போர்டு போயிருக்கும் சார், மாத்தணும்" என்றார். அன்று காலையில்தான் செட்டாப் பாக்ஸில் செய்தி பார்த்திருந்தோம், அதே எச்.டி.எம்.ஐ.யில்.

எங்கள் தெருக் கோடியில் முப்பது வருஷம் டி.வி. ரிப்பேர் பார்த்து ஓய்ந்த அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். முதலிலேயே போயிருக்க வேண்டும், புத்தி வரவில்லை. வந்தவர் டெக்கைத் தொடவே இல்லை. டப்பாவைக் கையில் எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"தம்பி, இது எந்தப் பக்கம் போற டப்பான்னு பாத்தியளா?"

மேலே பொடி எழுத்தில் 'எச்.டி.எம்.ஐ. டு ஏ.வி.' என்று இருந்தது. அதாவது எச்.டி.எம்.ஐ.யில் வருவதைப் பழைய டி.வி.க்கு ஏற்றபடி மாற்றித் தரும் டப்பா. எங்களுக்கு வேண்டியது நேர் எதிர்: 'ஏ.வி. டு எச்.டி.எம்.ஐ.'. இரண்டும் ஒரே அச்சு, ஒரே அளவு, ஒரே சிவப்பு லைட். பக்கவாட்டில் இருக்கும் சின்ன சுவிட்சைப் பாருங்கள். அதில் பால் (PAL), என்.டி.எஸ்.சி. (NTSC) என்று இருந்தால் டெக்குக்கு ஆகாது. 720, 1080 என்று எண் இருந்தால் அதுதான் நமக்கு. லைட் எரிவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அது யு.எஸ்.பி. கரண்டில் எரிகிறது.

அடுத்து அண்ணாச்சி டி.வி.யின் முதுகில் டார்ச் அடித்தார். எச்.டி.எம்.ஐ.க்குக் கீழே, ஹெட்போன் ஓட்டை என்று நான் நினைத்த ஒன்று. பக்கத்தில் 'ஏ.வி. இன்' என்று எழுதியிருக்கிறது! அதற்கு, ஒரு முனையில் ஹெட்போன் பின்போலவும் மறுமுனையில் மூன்று கலரும் உள்ள ஒயர் போதும். அவர் பெட்டியிலேயே ஒன்று கிடந்தது. டப்பாவே தேவையில்லை.

மாட்டினார், படம் வரவில்லை. எனக்கு வயிறு கலங்கியது. அவர் சாவகாசமாக மஞ்சள் இருந்த இடத்தில் சிவப்பை மாற்றிச் செருகினார், படம் வந்துவிட்டது. அந்தச் சின்னப் பின்னில் எந்த வளையத்தில் வீடியோ வரும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுமாம். படம் வராமல் ஸ்பீக்கரில் 'கொர்' என்று இரைச்சல் மட்டும் கேட்டால், ஒயரைத் தூக்கிப் போடாமல் கலரை மாற்றிப் பாருங்கள்.

இந்த ஓட்டையும் இல்லாத டி.வி.யானால்? டெக்கின் ஆன்டெனா அவுட்டிலிருந்து டி.வி.யின் ஆன்டெனா ஓட்டைக்கு ஒயர் இழுத்து, அனலாக் சேனலைத் தேடவிட்டால், பெரும்பாலும் 36-வது சேனல் பக்கம், 591 மெகாஹெர்ட்ஸ் வாக்கில், டெக் படம் சிக்கும் என்றார் அண்ணாச்சி. அந்த டி.வி.யில் அனலாக் சேனலைப் பிடிக்கும் டியூனர் இருக்க வேண்டும்.

கல்யாணக் கேசட்டைப் போடும் முன் கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக உள்ளே பார்க்கச் சொன்னார். டேப்பின் ஓரத்தில் வெள்ளைப் பொடி போல இருந்தால் பூஞ்சணம், போடக்கூடாது, ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். எங்களுடையது சுத்தமாக இருந்தது. ஆனால் முக்கால்வாசிப் படத்துக்கு வீடியோக்காரர் சினிமாப் பாட்டை ஏற்றி வைத்திருந்தார். அப்பா வாயசைக்கிறார், பாட்டுதான் கேட்கிறது. பந்தி நடக்கும் இடத்தில் மட்டும் பாட்டு நின்றது. "சாம்பார்ல உப்ப அள்ளிக் கொட்டிருக்கான்" என்று அப்பா சமையல்காரரைச் சத்தம் போடுகிறார். அம்மா இரண்டு முறை ரிவைண்ட் செய்யச் சொன்னாள். பிறகு, "உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துது, இவருக்கு எதுக்கெடுத்தாலும் கோவம்" என்று மூக்கைச் சிந்தினாள்.

மறுநாள் அண்ணாச்சி ஆணியைக் கழற்றி, 2011-லேயே செல்லாமல் போன அந்த நாலணாவை எடுத்துத் தந்தார். ஹெட் பழையதுதான். அதைச் சுற்றிலும் தூசி பஞ்சுபோல அப்படியே படிந்திருந்தது.

காசையும் பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஒயருக்கு 450, டப்பாவுக்கு 1,400, ஹெட்டுக்கு 3,200, வீட்டுக்கு வந்துபோனதற்கு 300. பில் என்று நான் சொல்வது கடைப் பெயரோ ஜி.எஸ்.டி. எண்ணோ இல்லாத ஒரு துண்டுச்சீட்டு. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிக்கலாம் என்று தங்கை சொன்னாள், அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு என்னத்தைக் காட்டுவது? நீங்களாவது காசு கொடுக்கும் முன் சரியான பில் கேட்டு வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேளுங்கள். நான் இரண்டையும் கேட்கவில்லை. ஒயரும் டப்பாவும் தெரியாத்தனம் என்று விட்டுவிடலாம், ஹெட் விஷயம் அப்பட்டமான களவு.

ஓனர் நாலணாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டு 500 ரூபாயை எடுத்து நீட்டினார். படி இறங்கும்போது பின்னாலேயே வந்தார்.

"சார், அந்த டெக்க விக்கிறதா இருந்தா வேற யாருக்கும் கொடுத்துராதிய. 2,500 தாரேன்."