ஆறு வருடமாகக் கேக்கை முன்கூட்டியே செய்து ஃப்ரீசரில் வைக்கிறேன்

எங்கள் வீட்டுப் பிறந்தநாள்கள் பெரும்பாலும் வேலை நாளில்தான் வரும். நான் காலை எட்டரைக்குக் கிளம்பி மாலை ஆறரைக்குத் திரும்புகிறவள். அதற்கு மேல் மைதா சலித்து, முட்டை அடித்து, கேக் வெந்து இறங்கும்போது ராத்திரி ஒன்பது ஆகிவிடும். ஆறும் வரை பொறுக்காமல் சூட்டோடு கிரீம் தடவ, அது உருகி வழிந்துவிட்டது. மகள் அழுதுகொண்டே தூங்கப் போனாள். அது 2019. அடுத்த பிறந்தநாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே கேக் செய்து ஃப்ரீசரில் வைத்தேன். இன்றுவரை அப்படித்தான்.

என் அனுபவத்தில் கேக்கைக் கெடுப்பது நாள் கணக்கு இல்லை, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு. மேலே ஃப்ரீசரில் ஒரு மாதம் இருந்த கேக்கை விட, கீழே இரண்டு நாள் இருந்த கேக் மோசமாக இருக்கும். இதை நம்ப எனக்கே கொஞ்ச காலம் ஆனது. ஆனால் இட்லியை வைத்து யோசித்தால் சட்டென்று புரியும். நேற்றைய இட்லியை ஃப்ரிட்ஜில் வைத்தால் விறைத்துப் போகும். மறுபடி ஆவியில் வைத்தால் மிருதுவாகிவிடும். வெந்த மாவிலுள்ள ஸ்டார்ச் குளிரில் மறுபடி இறுகுகிறது. இந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது ஃப்ரிட்ஜின் நான்கைந்து டிகிரி குளிரில்தான். மைனஸ் 18க்குப் போய்விட்டால் கிட்டத்தட்ட நின்றே போகும். அதனால் கேக் ஒன்று வெளியே இருக்க வேண்டும், இல்லையென்றால் முழுசாக உறைய வேண்டும். கீழ்த்தட்டு கிரீம் தடவிய கேக்குக்கு மட்டும், அதுவும் வேறு வழி இல்லாததால்.

என் மாமியாருக்கு இதில் நம்பிக்கையே இல்லை. "ஏம்மா, ஐஸ்ல வச்ச கேக்கையா பிள்ளைக்குக் குடுக்கப் போற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு தடவை ஒரே டின்னில் செய்த வெண்ணெய் கேக்கை இரண்டாக வெட்டினேன். ஒரு பாதி டப்பாவில் மூடிக் கீழ்த்தட்டுக்கு, ஒரு பாதி சுற்றி ஃப்ரீசருக்கு. நான்காம் நாள் இரண்டையும் வெளியே வைத்து, குளிர் போனதும் தட்டில் வைத்தேன். எது எது என்று சொல்லவில்லை. கீழ்த்தட்டுத் துண்டை அவர் விரலால் அமுக்கியதும் ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஃப்ரீசர் துண்டு அமுங்கி மெல்ல எழுந்தது. "இதுதான் புதுசு, இதைப் பிள்ளைக்குக் குடு" என்றார். அன்றிலிருந்து அவரே தேதி எழுதி ஒட்டிக் கொடுக்கிறார்.

இனி சுற்றும் முறை. இதில் அவசரப்பட்டால் மற்ற எதுவும் பலன் தராது. கேக் முழுசாக ஆற வேண்டும். டின்னிலிருந்து கவிழ்த்து, கம்பித் தட்டில் இரண்டு மணி நேரமாவது விடுகிறேன். அடிப்பக்கம் கையில் வெதுவெதுப்பாகத் தெரிந்தால் இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம். வெதுவெதுப்போடு சுற்றினால் உள்ளே ஆவி தண்ணீராகி, பிறகு ஐஸாகி, எடுக்கும்போது மேல்பகுதி பிசுபிசுவென்று தோலாக உரிந்து வரும். ஆறியதும் கிளிங் ஃபிலிமால் காற்று இடைவெளி இல்லாமல் ஒட்டிச் சுற்று, இரண்டு சுற்று. அதற்கு மேல் அலுமினியம் ஃபாயில். அப்புறம் ஜிப் லாக் கவர் அல்லது மூடி இறுக்கமான டப்பா. இவ்வளவு எதற்கு என்று தோன்றும். ஐஸ் கட்டாத ஃப்ரிட்ஜ்களில் உள்ளே காற்று சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்றாத கேக்கின் ஈரத்தை அது உறிஞ்சி எடுத்துவிடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். ஃப்ரீசரில் எப்போதும் சீலா மீனோ பாறை மீனோ இருக்கும். இரண்டாம் வருடம் கிளிங் ஃபிலிம் ஒரு சுற்று மட்டும் போட்டு வெண்ணெய் கேக்கை மீன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். பத்து நாள் கழித்து எடுத்தால் பார்வைக்கு அருமை, வெட்டியதும் மீன் வாடை. வெண்ணெய் எந்த வாடையையும் பிடித்துக்கொள்ளும். முழுக் கேக்கையும் தூக்கிப் போட்டேன், மனசு ஆறவே இல்லை. இப்போது மேல் அடுக்கு கேக்குக்கு, கீழ் அடுக்கு மீனுக்கு. மீன் வாங்கும் வீடுகளில் இதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எடுப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. சுற்றியதைப் பிரிக்காமலே வெளியே வைக்க வேண்டும். எங்கள் ஊர்க் காற்றில் பத்தே நிமிடத்தில் ஃபாயில் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து, மேசையில் சொட்டும். பிரித்துவிட்டு வைத்திருந்தால் அந்தத் தண்ணீர் எல்லாம் கேக் மேல் இறங்கியிருக்கும். ஆறு அங்குல ஸ்பான்ஜுக்கு ஒரு மணி நேரம், ஒரு கிலோ வெண்ணெய் கேக்குக்கு மூன்று மணி நேரம் விடுகிறேன். கிரீம் தடவப் போகிறீர்கள் என்றால் முழுசாக இளக விட வேண்டாம். பாதி உறைந்த ஸ்பான்ஜை அடுக்கு அடுக்காக அறுத்தால் உதிராமல் நேராக வரும், கிரீமில் துகள் ஒட்டாது. இதற்காகவே, அவசரம் இல்லாத நாளில்கூட ஒரு ராத்திரி உறைய வைக்கிறேன்.

எல்லாக் கேக்கும் ஒரே மாதிரி தாங்குவதில்லை. எண்ணெய் ஊற்றிச் செய்யும் வாழைப்பழக் கேக், கேரட் கேக் இரண்டும் முதலிடம். இரண்டு மாதம் கழித்து எடுத்தாலும் ஈரமாக இருக்கும். வெண்ணெய் கேக்கும் சாக்லேட் கேக்கும் அடுத்து. தயிர் போட்டுச் செய்யும் முட்டையில்லாக் கேக் கொஞ்சம் உதிரும். சுகர் சிரப் தடவினால் சரியாகிவிடும். மாம்பழம், அன்னாசித் துண்டு வைத்த கேக்கை உறைய வைக்கவே வேண்டாம். பழம் தண்ணீர் விட்டுக் கேக்கை ஊற வைத்துவிடும். எதுவானாலும் மூன்று மாதத்துக்கு மேல் நான் வைத்ததில்லை.

எங்கள் தெருவில் மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை கரண்ட் இருக்காது. ஃப்ரீசரைத் திறக்காமல் விட்டால் ஒன்றும் ஆவதில்லை. காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து நிரப்பியிருக்கிறேன், அவை குளிரைப் பிடித்து வைக்கும். இளகிவிட்ட கேக்கை மறுபடி உறைய வைப்பதில்லை. அன்றே சாப்பிட்டு முடித்துவிடுவோம்.

கிறிஸ்துமஸ் பிளம் கேக் கதை வேறு. அதற்கு ஃப்ரீசரே வேண்டாம். ஊறுகாய்க்கு உப்பு எப்படியோ அப்படி இதற்குச் சர்க்கரையும் உலர்பழமும் ரம்மும். செப்டம்பர் கடைசியில் கறுப்புத் திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல், இஞ்சி முரப்பா எல்லாவற்றையும் ரம்மில் ஊறப் போடுவேன். நவம்பர் கடைசியில் கேக் செய்து, வாரம் ஒருமுறை குச்சியால் குத்தி ஒரு கரண்டி ரம் விடுவேன். முதல் பட்டர் பேப்பர், அதற்கு மேல்தான் ஃபாயில். பழத்தின் புளிப்பு பட்டால் ஃபாயில் அரித்துப் போகும். ரம் வேண்டாம் என்பவர்கள் பழச்சாற்றில் ஊறவைக்கலாம். ஆனால் அதை மாதக்கணக்கில் வெளியே வைக்க முடியாது, புளித்துவிடும். இரண்டு மூன்று நாள் ஃப்ரிட்ஜில் ஊறினால் போதும், செய்த கேக்கையும் உறைய வைத்துவிடலாம்.

1883இல் கேரளாவின் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரர் செய்ததுதான் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்பார்கள். பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கை மாதிரிக்குக் காட்டினாராம். அத்தனை நாள் கப்பலில் வந்தும், பார்த்து, சுவைத்துச் செய்யும் நிலையில் இருந்திருக்கிறது. நான்கு வாரம் என் அலமாரியில் இருக்கும் கேக்கைப் பற்றி யாராவது கவலைப்பட்டால் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

எங்கள் ஊர் மக்ரூனும் இந்த வகைதான். முட்டை வெள்ளையும் முந்திரியும் சர்க்கரையும் காய்ந்து மொறுமொறுப்பாக இருப்பதால் காற்றுப் புகாத டப்பாவே போதும். ஃப்ரிட்ஜில் வைத்தால் ஈரம் ஏறி ஒட்டிக்கொள்ளும்.

இப்போது ஃப்ரீசரின் மேல் அடுக்கில் இரண்டு சாக்லேட் ஸ்பான்ஜும் ஒரு வாழைப்பழக் கேக்கும் இருக்கின்றன. மூன்றின் மேலும் மாமியார் கையெழுத்தில் தேதி. வியாழக்கிழமை மகளுக்குப் பத்து வயது ஆகிறது. ஆபீசிலிருந்து வந்ததும் ஸ்பான்ஜ் இரண்டையும் எடுத்து வெளியே வைத்தால், ஏழரைக்குக் கிரீம் தடவ உட்கார்ந்துவிடலாம்.