மல்லிகை மூட்டையும் எக்ஸ்எல் 100-ம்: மூன்று வருடம், 24,000 கிலோமீட்டர்

எங்கள் தோட்டத்தில் பூப்பறிப்பு விடியற்காலை நான்கரைக்கு. நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் ஆறு, ஆறேகாலுக்குள் முடிந்துவிடும். ஏழு மணிக்கு முன்னால் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் மூட்டையை இறக்கினால் ஒரு விலை. எட்டரைக்குப் போனால் அதே மல்லிகைக்கு வேறு விலை. அதனால் எனக்கு வண்டி என்பது அந்த முக்கால் மணி நேரத்துக்கான விஷயம். அதில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

2022 ஆவணியில் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 மொபெட் எடுத்தேன், பட்டன் ஸ்டார்ட் உள்ளது. ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 66,000 சொச்சம் ஆனது. இன்றைக்கு மீட்டரில் 24,000-ஐத் தாண்டியிருக்கிறது.

வீட்டில் ஏற்கெனவே ஒரு வண்டி உண்டு. வீட்டுக்காரரின் ஸ்ப்ளெண்டர் பிளஸ். 97.2 சிசி, நாலு கியர், ஏறக்குறைய 8 குதிரைத்திறன், டேங்கில் 9.8 லிட்டர் பிடிக்கும். நல்ல வண்டி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் பூ கொண்டுபோய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டேங்க் மேல் மூட்டையை வைத்தால் ஹேண்டில் திரும்பாது. பின்னால் வைத்துக் கட்டினால், சேலையோடு காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியாது. பக்கத்துத் தோட்டங்களின் பூவையும் நான்தான் கொண்டுபோகிறேன், மூன்று இடத்தில் நிறுத்தணும். மூன்று முறை இறங்கி, மூன்று முறை கயிற்றை அவிழ்த்துக் கட்டி, கிளட்சும் கியருமாக வரப்போரம் உருட்டிக்கொண்டு போவதற்குள் ஏழு மணி அடித்துவிடும்.

எக்ஸ்எல்லில் காலுக்கு முன்னால் அகலமாகத் தட்டையான இடம் இருக்கிறது. பின் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டால் அங்கேயும் மூட்டை உட்காரும். எங்கள் 40 சென்ட்டில் சித்திரை, வைகாசியில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ வரும். மற்றவர்களுடையதும் சேர்ந்தால் 25, 30 கிலோ. எடையாகப் பார்த்தால் பெரிசில்லை, ஆனால் மல்லிகை மொட்டு இடத்தை அடைக்கும். அமுக்கிக் கட்டினால் சூடேறி வெந்து போய்விடும், கடைக்காரர் கையை உள்ளே விட்ட உடனே கண்டுபிடித்துவிடுவார். அதனால் லூசாகக் கட்டிய நாலு மூட்டை. இரண்டு முன்னால், ஒன்று பின்னால், சின்னது ஒன்று கொக்கியில். சைலன்சர் பக்கம் மட்டும் எதையும் தொங்கவிடாதீர்கள், சாக்கு கருகிவிடும்.

இனி இந்த வண்டியின் சக்தி பற்றி. பேப்பரில் பார்த்தால் 99.7 சிசி, 4 குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் மேலே. ஸ்ப்ளெண்டரில் பாதிதான். என் கொழுந்தன் முதலில் இதைத்தான் சொன்னான், "அண்ணி, பாதி பவருக்கு எதுக்கு இவ்வளவு காசு?" அவன் கேட்டதில் தப்பில்லை. ஆனால் இழுவை எந்த வேகத்தில் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கணும். எக்ஸ்எல்லின் 6.5 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது அந்த இழுவை, இன்ஜின் நிமிஷத்துக்கு 3,500 சுற்று சுற்றும்போதே வந்துவிடுகிறது. ஸ்ப்ளெண்டரின் 8.05 கிடைக்க 6,000 சுற்று வரை போகணும். வாய்க்கால் கரையிலிருந்து மேலே தார் ரோட்டுக்கு ஏறும் இடத்தில் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில்தான் போவோம். எக்ஸ்எல்லில் கியரும் கிடையாது, கிளட்ச் லிவரும் கிடையாது. ஆக்சிலேட்டரைத் திருப்பினால் மூட்டையோடு முணுமுணுத்துக்கொண்டே ஏறிவிடுகிறது.

அதிலேயே ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. இதில் இருப்பது சுற்று கூடும்போது தானாகப் பிடிக்கும் கிளட்ச். ஏற்றத்தில் பாரத்தோடு நின்றுகொண்டு, பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்சிலேட்டரை மட்டும் பாதி திருப்பி வண்டியை நிறுத்தி வைத்தால் கிளட்ச் நழுவிக்கொண்டே சூடாகும். நிறைய பேர் அப்படித்தான் நிற்கிறார்கள். பிரேக்கைப் பிடித்து நில்லுங்கள், கிளம்பும்போது மட்டும் திருப்புங்கள்.

பாரம் எவ்வளவு ஏற்றலாம்? கம்பெனி சொல்வது 130 கிலோ. நான் அதை ஓட்டுகிற ஆளையும் சேர்த்துத்தான் கணக்கு வைக்கிறேன். யூரியா மூட்டை இப்போது 45 கிலோ. ஒன்று ஏற்றினால் என்னோடு சேர்த்து 105-க்குள். இரண்டு ஏற்றினால் 150. எங்கள் ஊரில் மூன்று மூட்டை ஏற்றிப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், வண்டியும் போகத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு சக்கரத்திலும் இருப்பது 110 மில்லிமீட்டர் டிரம் பிரேக், டயரோ இரண்டரை அங்குல அகலம். இழுக்கிற இன்ஜின் எல்லாவற்றையும் இழுத்துவிடும், நிறுத்துவதற்கு அந்த டிரம்தான் இருக்கிறது. தயவுசெய்து இரண்டு நடையாகப் போங்கள்.

பிரேக் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இடது கை லிவரைப் பிடித்தால் பின் சக்கரத்தோடு முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு இதில் இருக்கிறது. 2019-லிருந்து 125 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு இந்த மாதிரி சேர்ந்து பிடிக்கும் பிரேக் கட்டாயம். மழையில் மார்க்கெட் வாசலில் வழுக்கும் பூக்குப்பை மேல் இது எவ்வளவு உதவியது என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் போன வருடம் ரோட்டோர பட்டறை ஒன்றில் சர்வீஸுக்கு விட்டபோது பிரேக்கை ரொம்ப இறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். வண்டி மந்தமாகப் போகிறதே என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் மார்க்கெட்டில் நிறுத்தி பின் டிரம்மில் கையை வைத்தால் சுட்டது. அன்றிலிருந்து யாரிடம் சர்வீஸ் விட்டாலும் அங்கேயே சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பேன். லேசாகச் சுற்றி தானாக நின்றால் சரி. உரசுகிற சத்தம் வந்தால் தளர்த்தச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். நீங்களும் செய்யுங்கள், அரை நிமிஷ வேலை.

மைலேஜ். விளம்பரத்தையும் நம்பவில்லை, டீக்கடைப் பேச்சையும் நம்பவில்லை. ஒரே பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பி, மீட்டரைக் குறித்து, மறுபடி அதே பங்கில் நிரப்பி, ஊற்றிய லிட்டரால் வகுத்துப் பார்த்தேன். பூக்காலத்தில், பாரத்தோடு, அடிக்கடி நிறுத்திக் கிளப்பி ஓட்டியதில் லிட்டருக்கு 53. மார்கழியில் பூவே இல்லாமல் நானும் ஒரு தூக்குவாளியும் மட்டும் போகும்போது 61. டேங்க் நாலு லிட்டர்தான், அதனால் வாரத்துக்கு ஒருமுறை பங்குக்குப் போகத்தான் வேண்டும். 2020-லிருந்து இதில் கார்புரேட்டர் இல்லை, பெட்ரோல் இன்ஜெக்‌ஷன். காலைக் குளிரில் சோக் இழுக்கும் வேலை இல்லை, பட்டனைத் தொட்டால் சத்தமில்லாமல் கிளம்புகிறது. டேங்கை அடிமட்டம் வரை காயவிடும் பழைய பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும், உள்ளே இருக்கும் பம்ப் பெட்ரோல் இல்லாமல் ஓடினால் கெட்டுவிடும்.

பழைய பழக்கம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் அப்பாவிடம் டிவிஎஸ் 50 இருந்தது. பெடல் வைத்தது. மதுரையில் பஸ் ஓட்டித் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் குடும்பத்தின் கம்பெனி 1980-ல் ஓசூரிலிருந்து கொண்டுவந்த வண்டி. பங்கில் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்றுவார்கள், பின்னால் நீலப் புகை விடும். அப்பாவின் வேட்டியில் அந்த வாசனைதான் எப்போதும் இருக்கும். 2015-ல் எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக்காக வந்தபோது அந்தப் புகையும் போனது, ஆயில் கலக்கும் கணக்கும் போனது. அப்பா அதைப் பார்க்க இருந்திருக்கலாம்.

டயர் பற்றி. பதினாறு அங்குலச் சக்கரம், ஸ்போக்ஸ், ட்யூப் டயர். எங்கள் பக்கம் சீமைக்கருவேல முள் எங்கும் கிடக்கிறது, எந்த டயராக இருந்தாலும் குத்தும். காலை ஐந்தரைக்குப் பஞ்சர் கடை எதுவும் திறந்திருக்காது. அதனால் சீட்டுக்கடியில் ஒரு ட்யூபும், தோட்டத்து ஷெட்டில் கைப்பம்பும் வைத்திருக்கிறேன். பின் டயரை 15,000-ல் மாற்றினேன். முன் டயர் இன்னும் ஓடுகிறது.

இது ஒத்துவராத இடமும் உண்டு. முகூர்த்த நாளில் மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் விலை கூட என்றால் சிலர் அங்கே நேரே போவார்கள். நிலக்கோட்டையிலிருந்து கொடைரோடு போய் நான்குவழிச் சாலையைப் பிடிக்க வேண்டும். அங்கே லாரியும் ஆம்னி பஸ்ஸும் நூறில் போகும். இந்த வண்டி அறுபதைத் தொட்டாலே போதும் என்று இருக்கும். ஒருமுறை போனேன், அப்புறம் போகவில்லை. அதற்குக் கியர் உள்ள 100 சிசி பைக்தான் சரி. என் மச்சான் ஹோண்டா ஷைன் 100 வைத்திருக்கிறார், 2023-ல் வந்தது, எடை 99 கிலோ. அவருடையதை ஓட்டிப் பார்த்தேன், கைக்கு லேசாக, நேராகப் போகிறது. தூரம் அதிகம் போகிறவர்கள் பிளாட்டினா 100-ஐயும் பார்க்கலாம், டேங்க் 11 லிட்டர், சீட்டும் மெத்தென்று இருக்கும். தினம் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஒரே ஓட்டமாகப் போகிறவர், கியர் லைசென்ஸ் உள்ளவர், மூட்டை தூக்காதவர் என்றால் எக்ஸ்எல் எடுக்க நான் சொல்ல மாட்டேன்.

லைசென்ஸும் ஒரு காரணம். எக்ஸ்எல்லுக்குக் கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ் போதும். எங்கள் தெருவில் என்னைப் பார்த்து இரண்டு பெண்கள் அதை எடுத்தார்கள். அதுவரை பஸ்ஸுக்கோ, வீட்டு ஆணுக்கோ காத்திருந்தவர்கள். அவர்களில் ஒருத்தி இப்போது ரேஷன் அரிசியையும் அவளே கொண்டுவருகிறாள்.

பேட்டரி வண்டியைப் பற்றியும் கேட்கிறார்கள். இந்த வகையில் புதிதாக வந்திருப்பது கைனடிக் கிரீனின் இ-லூனா. 2024-ல் வந்தது, ஒரு சார்ஜில் 110 கிலோமீட்டர், 150 கிலோ பாரம் என்று கம்பெனி சொல்கிறது. உயர்ந்த வேகம் 50. கடையில் நிற்பதைப் பார்த்தேன், காலுக்கு முன்னால் உள்ள தட்டையான இடம் எங்கள் வேலைக்கு ஏற்றதாகவே இருந்தது. என் தினசரி ஓட்டம் 22 கிலோமீட்டர்தான் என்பதால் கணக்கும் ஒத்துவரும். நான் தயங்குவது பஞ்சருக்கு அல்ல, மின்சாரக் கோளாறுக்கு. விடியற்காலையில் அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆள் எங்கள் ஊரில் இன்னும் இல்லை. எக்ஸ்எல்லுக்கு நாலு தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். ஊரில் பேட்டரி மெக்கானிக் வந்துவிட்டால் அடுத்த வண்டிக்கு அதைத்தான் முதலில் விசாரிப்பேன்.

இப்போது எடுக்க நினைப்பவர்களுக்கு: 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. ஷோரூமில் எழுதிக் கொடுக்கும் தாளில் வண்டி விலை, வரி, ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ், மற்றவை என்று ஐந்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். "மற்றவை"யில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பாதி குறைந்துவிடும், எனக்குக் குறைந்தது. பட்டன் ஸ்டார்ட் உள்ளதையே எடுங்கள். மூட்டையை முன்னால் ஏற்றிய பிறகு கால் ஊன்றி உதைக்க இடம் இருக்காது.

பின் சீட்டை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். மார்க்கெட்டிலிருந்து வந்ததும் அதைத் திரும்ப மாட்டி, எட்டே காலுக்கு மகளை ஸ்கூல் பஸ் நிற்கும் இடத்தில் விடுகிறேன். இன்னும் முன்னால் பூ வாசனை அடிக்கும். வண்டியின் தட்டில் ஒட்டிக்கிடக்கும் நாலைந்து மொட்டைப் பொறுக்கி அவள் பைக்குள் போட்டுக்கொள்வாள்.